வயிற்றுக்குள் இருந்த காற்றாடி

தன் மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று முனவ்வராவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் அவருக்கு இருக்கவில்லை. பல்லேபொலயில் யாராவது விசாரித்தால், "கட்டுநாயக்கவில வேலை" என்று சொல்லிவிட்டு, வந்தவருக்குத் தேத்தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விடுவார்.

ஹிதாயா விமானங்களின் மின்சாரப் பகுதியைப் பார்க்கும் டெக்னீஷியன். வேலை நாட்களில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தங்குவாள். லீவு கிடைத்தால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் வந்ததும் நகத்துக்கடியில் படிந்திருக்கும் கிரீஸைப் பார்த்து முனவ்வரா பெருமூச்சு விடுவார். ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை. "ஸ்கூல்ல படிப்பிக்கிற வேலை ஒண்டு எடுத்திருக்கலாமே மகள்" என்று மட்டும் எப்போதாவது சொல்லுவார். ஹிதாயாவும் சிரித்துக்கொண்டே கையைத் தேய்த்துக் கழுவப் போவாள்.

முனவ்வராவின் மூத்த மகன் ஸுஹைல் பேங்கொக்கில் இரத்தினக்கல் வியாபாரம் செய்கிறான். அவனுக்குப் பிள்ளை பிறந்ததும் அவர் அங்கே போய்ச் சில வாரங்கள் இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். இளைய மகன் ஹுஸ்னி, அதாவது ஹிதாயாவின் புருஷன், அழைத்துவரப் போயிருக்க வேண்டும். ஆனால் மிளகு பறித்து முற்றம் முழுக்கப் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. அதனால் பக்கத்து வீட்டு யோகராஜ் அண்ணன் தன் வேனை எடுத்துக்கொண்டு காலையிலேயே கட்டுநாயக்கவுக்குப் போய்விட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஆப் ஒன்று, லீவில் வீட்டுக்கு வந்திருந்த ஹிதாயாவின் ஃபோனில் இருந்தது. மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டே ஹுஸ்னி அதை எட்டிப் பார்த்தான். திரையில் சின்ன மஞ்சள் விமானம் ஒன்று மட்டக்களப்புக் கரையைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"வில்கமுவவுக்கு வந்துட்டாங்க போல. எங்கட தலைக்கு மேலாலதான் போவாங்களா?"

"கொஞ்சம் தள்ளி. மேகம் இல்லாட்டி பார்த்திருக்கலாம்."

"உம்மா ஜன்னல் ஸீட்தான். ஆனா கண்ண மூடிட்டுத்தான் இருப்பா" என்று ஹுஸ்னி சிரித்தான்.

அந்த மஞ்சள் விமானம் நகர்வதை நிறுத்தியது.

நெட்வர்க் கோளாறு என்றுதான் ஹிதாயா முதலில் நினைத்தாள். திரையில் இருந்த மற்ற விமானங்களைப் பார்த்தாள். எல்லாமே நகர்ந்துகொண்டிருந்தன. இது மட்டும் மகாவலி ஆற்றுக்கு மேலே குத்திட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மறைந்துபோனது.

ஹுஸ்னி மிளகு கிளறிய பலகையைக் கீழே போட்டான். "எங்க போச்சு?"

ஹிதாயா திரையைப் பெரிதாக்கித் தேடினாள். அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. விமானம் தான் யார், எந்த உயரத்தில் பறக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வரும். அதைச் சொல்வது விமானத்துக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டி வாயை மூடினால் ஒன்று பெட்டி கெட்டிருக்க வேண்டும், இல்லை அதற்கு மின்சாரம் போகவில்லை. மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அதை அவள் நினைக்க விரும்பவில்லை.

அவள் முற்றத்தின் நடுவுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மேகம். தூரத்தில் ஒரு ட்ரக்டர் சத்தம். வேறொன்றும் கேட்கவில்லை.

"ஹிதாயா, ஏதாவது சொல்லு."

"கொஞ்சம் பொறுங்க."

"என்னத்தப் பொறுக்கிறது? உம்மா அதுக்குள்ள இருக்கா!"

அவள் ஃபோனை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திரையைத் தொடவே பயமாக இருந்தது. அப்போதுதான் விமானம் மறுபடி வந்தது. வில்கமுவவைத் தாண்டி, மலைகளுக்கு மேலே. இந்த முறை மஞ்சளாக இல்லை. சிவப்பாக இருந்தது. பக்கத்தில் 7700 என்று ஓர் எண்.

"சிவப்பு! ஏன் சிவப்பாயிருக்கு? அது என்ன நம்பர்?" ஹுஸ்னியின் குரல் உடைந்துவிட்டது.

ஹிதாயா மிளகுப் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா? சிவப்பு எண்டா ஆபத்துத்தானே?"

"ஓம். ஆபத்து எண்டு பைலட் சொல்ற நம்பர் அது. அத எங்களுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்றதுக்குக் கரண்ட் வேணும். போன கரண்ட் திரும்பி வந்திருக்கு. அது விழுந்து வேல செய்யுது."

"எது விழுந்துச்சு?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும், தான் சொன்ன வார்த்தை எவ்வளவு தப்பு என்று அவளுக்கு உறைத்தது. அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"விமானம் விழல்ல. வயித்துக்குள்ள ஒரு காத்தாடி மடிஞ்சு கிடக்கும். வழமையா ரெண்டு எஞ்சினும்தான் கரண்ட் குடுக்கும். ஒண்டு போனா மத்தது எல்லாத்தையும் தாங்கும். வால்லயும் ஒரு குட்டி எஞ்சின் இருக்கு, அதுவும் குடுக்கும். இது எல்லாமே கைவிட்டா, வயித்துக் கதவு திறந்து அந்தக் காத்தாடி வெளிய பாயும். விமானம் போற வேகத்துக்கு அடிக்கிற காத்துதான் அதச் சுத்தும். அது சுத்தினா கரண்ட் வரும். நாங்க அத ரெட் எண்டு சொல்லுவோம்."

"ரெட்டா? எலியா?"

"இங்கிலீஷ்ல அதுக்கு ஒரு நீளமான பேர். சுருக்கினா எலிக்குச் சொல்ற 'ரெட்' மாதிரித்தான் வரும்."

ஹுஸ்னிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மூச்சு கொஞ்சம் சீராகியது. "எஞ்சின் போயிருந்தா?"

அதைத்தான் ஹிதாயாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் உயரத்தின் எண் ஒரே இடத்தில் நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கி, மறுபடி நின்றது. அவள் விரலை அதில் வைத்துக் காட்டினாள்.

"பாருங்க, உயரம் அப்படியே நிக்குது. ரெண்டு எஞ்சினும் போயிருந்தா இப்படி நிக்க ஏலாது, இறங்கிட்டே இருக்கணும். எஞ்சின் ஓடுது. கரண்ட்தான் போயிருக்கு. எஞ்சின் ஓடுறதுக்கு வெளிக் கரண்ட் தேவையில்ல, தனக்குத் தேவையானத அதுவே செஞ்சுக்கும்."

"அப்ப உள்ள இருட்டா?"

"சமைக்கிற அடுப்பு, படம் பார்க்கிற திரை, பெரிய லைட் எல்லாம் போயிருக்கும். அந்தச் சின்னக் காத்தாடியால எல்லாத்தையும் தாங்க ஏலாது. எது இல்லாட்டிப் பறக்க ஏலாதோ அதுக்கு மட்டும்தான் குடுக்கும். கெப்டன் பக்கத்துத் திரை எரியும், மத்தவர் பக்கம் இருட்டு. ஒரு ரேடியோ வேல செய்யும். அவ்வளவு போதும். அதுக்காகத்தான் பைலட்மார் பழகுறாங்க."

சொல்லச் சொல்ல அவளுடைய குரலே அவளுக்குத் தைரியம் கொடுத்தது. அப்படி ஒரு காற்றாடியை, விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். சோதிப்பதற்காக அதைக் கீழே இறக்குவார்கள். அங்கே காற்று அடிக்காததால் இயந்திரம் பூட்டிச் சுழல வைத்து, எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அளப்பார்கள். பிறகு துடைத்து, மடித்து, கதவைச் சாத்துவார்கள். அநேகமாக அந்த விமானத்தின் ஆயுளில் யாரும் அதை மறுபடி காணமாட்டார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது, இத்தனை பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்ன ஒன்றா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இருந்தும் அதைச் சாத்திய பிறகு கதவில் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சிவப்பு விமானம் மாத்தளையைத் தாண்டி மேற்கே போனது. தூறல் விழுந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. மிளகு நனைந்தது.

"வேற ஒண்டு இருக்கு" என்றான் ஹுஸ்னி திடீரென்று. "நீ சொல்லாம வச்சிருக்கிறாய். என்ன அது?"

ஹிதாயா அவனைப் பார்த்தாள். மறைத்துப் பிரயோசனம் இல்லை.

"இறங்கும்போது வேகத்தக் குறைக்கணும். வேகம் குறைஞ்சா காத்துக் குறையும். காத்துக் குறைஞ்சா அது கரண்ட் குடுக்கிறத நிப்பாட்டும். அதுக்குப் பிறகு பெட்டரி மட்டும்தான்."

"பெட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"இறங்கி நிக்கிற வரைக்கும் தாராளமா நிக்கும். அப்படித்தான் கணக்குப் பண்ணி வச்சிருக்கு. ஆனா அந்த நேரம், விமானம் எங்க எண்டு சொல்ற பெட்டி வேல செய்யாது. திரையில இருந்து விமானம் திரும்பவும் மறைஞ்சுபோகும். மறைஞ்சா பயப்படாதீங்க."

சொன்னபடியே நடந்தது. கட்டுநாயக்கவுக்குக் கிட்டே, உயரம் வெகுவாகக் குறைந்திருந்தபோது, சிவப்பு விமானம் திரையிலிருந்து போனது. பயப்படாதே என்று சொன்னவளே திரையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள்.  ஹுஸ்னி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தான். பழகியவர்கள் கையில்தான் இப்போது அது இருக்கிறது, பெட்டரி புதிதாக இருக்க வேண்டும், யாராவது அதை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும் என்று அவள் மனம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு ஓடியது.

ஹுஸ்னியின் ஃபோன் அடித்தது. யோகராஜ் அண்ணன்.

"தம்பி, இங்க ஃபயர் எஞ்சின் எல்லாம் ஓடுதுங்க. என்னமோ ப்ளேன் ஒன்னு கரண்ட் இல்லாம வந்து..."

"இறங்கிருச்சா அண்ணன்? இறங்கிருச்சா?"

"இறங்கிருச்சு, இறங்கிருச்சு! ரன்வேயிலயே நிக்குதாம். ஆக்களுக்கு ஒன்னும் இல்லன்னு சொல்றாங்க. உம்மாவோட ப்ளேனா அது?"

 ஹுஸ்னி ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டு, மழையில் நின்று சத்தமாக அழுதான்.

பின்னேரம், அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு வேன் வந்து வாசலில் நின்றது. முனவ்வரா இறங்கிய விதத்தைப் பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர் போலத்தான் இருந்தது. கையில் பேரப் பிள்ளையின் படங்கள் இருந்த பை. மகனைக் கட்டிப் பிடித்தார், மருமகளைக் கட்டிப் பிடித்தார். இந்த இரண்டாவதை அவர் இதற்கு முன் கல்யாணத்தன்றுதான் செய்திருந்தார். பிறகு முன் அறையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினார். யோகராஜ் அண்ணனும் போகாமல் கதவோரம் நின்றார். வழி முழுக்க ஒரு தடவை கேட்டுவிட்டார். மறுபடியும் கேட்க ஆசை.

"லைட் எல்லாம் ஒரேயடியா போச்சு மகள். இரைச்சலும் பாதியாக் குறைஞ்சிட்டு. அப்படி ஒரு அமைதி, நான் கடைசிக் கலிமாச் சொல்லத் தொடங்கிட்டேன். அந்த நேரம் கண்ணத் திறந்து ஜன்னலால பார்த்தா கீழ மல. மேகத்துக்கு மேல ரிவர்ஸ்டன் டவர் கூர் மட்டும் தெரியுது. சத்தியமா. ஊருக்கு மேலயே மவுத்தாகப் போறேன், நல்லதுதான் எண்டு நினைச்சேன்."

"உம்மா!"

"கேளு மகன். அப்பதான் காலுக்குக் கீழ 'டொம்' எண்டு ஒரு சத்தம். அதுக்குப் பிறகு ஒரு இரைச்சல். எங்கட டவுன்ல மிளகாய்த்தூள் அரைக்கிற மில் இருக்கே, சரியா அந்தச் சத்தம். தரையெல்லாம் அதிருது. பக்கத்து ஸீட்ல ஒரு சிங்களப் பிள்ள, படிச்ச பிள்ள, என்ட கையப் பிடிச்சிட்டு அழுறா. மைக்ல கெப்டன் பேசினார். அவ கேட்டுச் சொன்னா, கரண்ட் கொஞ்சம் போயிட்டு, பறக்கிறதுக்கு ஒரு குறையும் இல்ல, இறங்கப் போறோம் எண்டு. அந்த மனிசன்ட குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. கடைக்குப் போய் வாறேன் எண்டு சொல்ற மாதிரிச் சொன்னார்."

தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இறங்கினதும் படி வச்சு எங்கள ரன்வேயில இறக்கினாங்க. நான் குனிஞ்சு கீழ பார்த்தேன். வயித்துல ஏதோ உடைஞ்சு தொங்குது மகள். கதவு ஒண்டு பிய்ஞ்சு, ரெண்டு இறக்கை உள்ள ஏதோ ஒண்டு வெளிய நீட்டிட்டு நிக்குது. இத உடைச்சிட்டுத்தான் நாங்க வந்திருக்கிறோம், அல்லாஹ் காப்பாத்தினான் எண்டு நினைச்சேன்."

ஹிதாயா அவர் காலடியில் பாயில் உட்கார்ந்திருந்தாள். "அது உடைஞ்சதில்ல மாமி" என்றாள். "அதுதான் உங்களக் கொண்டு வந்தது. நீங்க கேட்ட மில் சத்தமும் அதுதான்."

முனவ்வரா அவளையே பார்த்தார். "அந்தச் சாமானா? இந்த ஃபேன விடச் சின்னது அது."

"ஓம். சின்னதுதான்."

"அவ்வளவு பேரையும்?"

"அவ்வளவு பேரையும்."

பிறகு முனவ்வரா கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. அதன் பேர் என்ன? 'ரெட்', எலி என்றான் ஹுஸ்னி. அதை யார் இறக்கியது? விமானமே தானாக இறக்கும், இறக்காவிட்டால் கெப்டன் ஒரு பட்டனை அழுத்துவார் என்றாள் ஹிதாயா. எண்ணெய் வேண்டாமா? காற்று மட்டும் போதும், விமானம் பறக்கும் வரை காற்றுக்குப் பஞ்சமில்லை. மறுபடி மேலே போகாதா? போகாது, வெளியே வந்தால் வந்ததுதான். ஆட்கள்தான் கையால் மடித்து உள்ளே வைக்க வேண்டும். மின்சாரம் ஏன் போனது என்று யோகராஜ் அண்ணன் கேட்டபோது மட்டும் ஹிதாயா தலையை ஆட்டினாள்.

"தெரியாது அண்ணன். விசாரிச்சுச் சொல்லுவாங்க. அதுக்கு முந்தி நான் ஏதாவது சொன்னா அது பிழை."

முனவ்வரா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஹுஸ்னி ஈர மிளகைக் கோணிச் சாக்குகளில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"இத்தன வருசமா அது உள்ளயே கிடந்திருக்கும், இல்லையா மகள்? ஒரு நாளும் ஒருத்தருக்கும் தேவைப்படாம?"

"ஓம் மாமி. அநேகமானது தேவைப்படாமலே பழைய இரும்புக்குப் போயிரும்."

"பிறகு எப்படி அது சரியா வந்துச்சு? எங்கட தண்ணி மோட்டர் ஒரு மாசம் ஓடாட்டி இறுகிப்போகுதே."

"அதுக்குத்தான் ஆக்கள் இருக்காங்க. தவணைக்குத் தவணை இறக்கிச் சுத்திப் பார்ப்பாங்க."

"யாரு?"

"எங்கள மாதிரி ஆக்கள்."

"இந்தப் ப்ளேன நீயா பார்த்த?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஹிதாயா அப்படிச் சொல்லவில்லை. "இல்ல மாமி. அது வேற நாட்டுக் கம்பெனி. அங்க யாரோ ஒருத்தர் பார்த்திருப்பாங்க. இப்படி ஒண்டு நடந்தது அவங்களுக்கு இன்னும் தெரிஞ்சும் இருக்காது."

முனவ்வரா இரண்டு கைகளையும் ஏந்தினார். பேரும் ஊரும் தெரியாத அந்த ஆளுக்காக, அவருடைய பிள்ளை குட்டிகளுக்காக, கெப்டனுக்காக, அழுத அந்தச் சிங்களப் பிள்ளைக்காகத் துஆக் கேட்டார். ஆமீன் சொல்லும்போது யோகராஜ் அண்ணனும் கண்ணை மூடியிருந்தார். பிறகு முனவ்வரா மருமகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலை மஃரிப் தொழுகைக்கு முன்பு பேங்கொக்குக்கு வொய்ஸ் மெஸேஜ் போனது. ஹிதாயா குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மகன் ஸுஹைல், உம்மா வீட்டுக்கு வந்துட்டேன், பயப்படாத. ப்ளேன்ட வயித்துல ஒரு எலி இருக்கு மகன். கரண்ட் போனா அது வெளிய பாஞ்சு காத்துல சுத்தி லைட் எரிய வைக்கும். ஒவ்வொரு ப்ளேன்லயும் ரெண்டு எலி இருக்குமாம். அத எங்கட ஹிதாயா மாதிரி ஆக்கள்தான் எண்ணெய் பூசி வளர்க்கிறது. எல்லாராலயும் செய்ய ஏலாது, அதுக்குப் பெரிய படிப்பு வேணும்."

ஒன்றுதான் இருக்கும் என்று திருத்த ஹிதாயா வாசல் வரை வந்தாள். மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

முனவ்வரா இன்னும் முடிக்கவில்லை. "பிள்ளைக்கு ஒரு வயசு வரக்குள்ள நான் திரும்ப வருவேன். டிக்கெட் போடக்குள்ள வயித்துக்கு மேல, இறக்கைக்குக் கிட்ட ஸீட் எடு மகன். அந்தச் சத்தம் வந்தா எனக்கு வடிவாக் கேக்கணும்."